தாட்சாயணியின் கம்ப்யூட்டர் நின்ற நாலு நாள்

ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரியில் ஜக்கார்டு அட்டை அடிக்கிறவனை யாரும் முழுசாக நம்புவதில்லை. நானும் அதை எதிர்பார்ப்பதில்லை. சேலை பார்டரில் ஓர் அன்னப்பட்சி வர வேண்டுமென்றால் எந்த நூல் மேலே எழ வேண்டும், எது கீழே தங்க வேண்டும் என்று அட்டையில் ஓட்டை போட்டுத்தான் தறிக்குச் சொல்ல முடியும். அந்த ஓட்டை போடுகிற மெஷின் என் கடையில் இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் டிசைன் என் கை வழியாகத்தான் தறிக்குப் போகிறது. யாருடைய டிசைன் யாருடைய தறியில் முளைத்தாலும் எல்லாரும் முதலில் என் கடைப் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதற்காகவே கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். டிசைன் பென்டிரைவில் வரும். அட்டை அடித்து முடித்ததும், கொண்டுவந்தவர் கண் முன்னாலேயே அதை என் கம்ப்யூட்டரிலிருந்து அழிப்பேன். “அழிச்சிட்டேன், பாத்துக்கோ” என்று திரையைத் திருப்பிக் காட்டுவேன். அவர்களும் குனிந்து பார்த்துவிட்டுப் போவார்கள். வேலையிலும் நான் குறை வைத்ததில்லை. போன வருஷம் நாகபூஷணம் வீட்டில் எலி கடித்த நாலு அட்டையை, பென்டிரைவ்கூடக் கேட்காமல் அன்றைக்கே அடித்துக் கொடுத்தவன் நான்.

நாகபூஷணத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. முன்னால் இரண்டு அறை, பின்னால் தகரக் கொட்டகையில் நாலு மெஷின் தறி. உழைப்பாளி. ஆனால் சந்தேகப்படாமல் அவனால் ஒரு நாளும் இருக்க முடியாது. பால்காரன் தண்ணீர் கலக்கிறான், நூல் கடைத் தராசு பொய் சொல்கிறது, கரண்ட்டு மீட்டர் ராத்திரியில் தானாக ஓடுகிறது என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பான். அவன் நம்பிய ஒரே பொருள் தறி. அதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவான்.

அவன் சம்சாரம் தாட்சாயணி நாகலாபுரத்துப் பெண். இன்டர், அதாவது பன்னிரண்டாவது வரை தெலுங்கு மீடியத்தில் படித்தவள். பார்டர் டிசைன் எல்லாம் அவள் போட்டதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் தம்பி பிரவீன் பெங்களூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்குப் போன புதிதில், துண்டு துண்டாகச் சாமான் வாங்கிச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் செய்து கொடுத்தான். அதில் கட்டம் கட்டமாகப் பொம்மை போடக் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு டிசைனுக்கும் அன்றைக்கு வீட்டில் நடந்ததைப் பெயராக வைப்பாள், இங்கிலீஷ் எழுத்தில். ‘ஆடு குட்டி போட்டது’ என்று ஒன்று. ‘கூரை ஒழுகல்’ என்று ஒன்று. நாகபூஷணத்துக்கு இங்கிலீஷ் வராது. அட்டை அடிக்கிற எனக்கு அந்தப் பெயர்கள் தெரியும்.

பென்டிரைவ் ஊரெல்லாம் சுற்றுவதால் வைரஸ் வந்து வந்து அந்தக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. பிரவீன் வேறொன்றை ஏற்றினான். லினக்ஸ் என்று பெயர். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம் என்றான். நாகபூஷணத்துக்கு அதுவே முதல் உறுத்தல்.

“சும்மா குட்க்கறானா? எவன் பா இந்தக் காலத்துல சும்மா குட்க்கறான்? உள்ள இன்னாவோ வெச்சிக்கினுதான் குட்க்கறான்” என்று என் கடையில் உட்கார்ந்து டீயைக் குடித்தபடி சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது.

இது நடந்த வருஷம் விநாயக சவிதிக்குப் பிரவீன் வந்தான். பழைய லினக்ஸ் மெதுவாக ஓடுகிறது என்று சொல்லி, கையோடு கொண்டுவந்த புது டிஸ்க் ஒன்றைப் பெட்டிக்குள் மாட்டி, அதில் லினக்ஸைப் புதிதாக ஏற்றினான். தாட்சாயணியின் டிசைன்களைப் பழைய டிஸ்க்கிலேயே தொடாமல் விட்டான். தறிச் சத்தம் தாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டு மத்தியானம் முழுக்க வேலை பார்த்தான். சாயந்திரம் பஸ் ஏறிவிட்டான். அதற்குப் பிறகு ஒரு மாதம் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடியது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்கு ஒரு தறியும் ஓடாது. முந்தின நாளே நிறுத்தி, ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பஞ்சுத்தூசி எடுத்து, எண்ணெய் போட்டுத் திரும்ப மாட்டுவோம். அப்புறம் சந்தனம், குங்குமம், சாமந்திப்பூ. தறியில் நூலை ஓட்டும் நாடாவிலிருந்து கத்தரிக்கோல் வரை பொட்டு இல்லாத சாமான் வீட்டில் இருக்காது. பூஜை போட்டதை மறுநாள் காலைவரை யாரும் இயக்க மாட்டார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, விஜயதசமி. பத்து மணிக்குக் கரண்ட்டு வந்ததும் தாட்சாயணி கம்ப்யூட்டரைப் போட்டாள். கருப்புத் திரை. மூலையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி. எர்ரர், அப்படி ஒரு டிவைஸ் இல்லை என்று ஒரு நீள நம்பரோடு ஒன்று. அடியில் க்ரப் ரெஸ்க்யூ என்று ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

நான் பதினொரு மணிக்குப் போனேன். திருப்பதி சேலைக் கடைக்காரர் போன வருஷத்து அன்னப்பட்சி பார்டரையே அகலமாக்கித் தீபாவளிக்குக் கேட்டிருந்தார். செவ்வாய்க்கிழமைக்குள் அட்டை அடித்தால்தான் தறியில் ஏற்ற முடியும். டிசைனை வாங்கத்தான் போனேன்.

வாசலிலேயே நாடாவுக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டிருந்த கூலிக்காரி செங்கம்மா தடுத்தாள். “உள்ள போவாத. எரியுது.”

உள்ளே நாகபூஷணம் நின்றுகொண்டும் தாட்சாயணி உட்கார்ந்துகொண்டும் இருந்தார்கள். எதிரே அந்தத் திரை. சாமிக்குப் படைத்த சுண்டல் தட்டு தொடாமல் கிடந்தது.

“வா கோவர்த்தனா. பாரு, என் மச்சான் பண்ணி வெச்சிட்டுப் போன வேலைய. ஏழு வருசத்து டிசைனு மொத்தமா பூட்ச்சி” என்றான்.

“பூட்ச்சின்னு யாரு சொன்னது? எழுந்துக்க மாட்டேங்குது. அவ்ளோதான்” என்றாள் தாட்சாயணி.

“அப்படி ஒண்ணு இல்லன்னு அதுவே சொல்துன்னு நீதான மே படிச்ச?”

நாகபூஷணம் என் பக்கம் திரும்பினான். “கதவ சாத்திக்கினு மத்தியானம் பூரா இன்னா பண்ணான்? சொல்லு. அவனுக்குப் பொண்ணு பாத்துகினு கீறாங்களே, ஏகாம்பரகுப்பத்துல, அவங்க ஊட்ல எத்தினி தறி?”

“ஆறு.”

“ஆங். ஆறு. போன வாரம் புத்தூர்ல ஒரு கடையில தொங்குது, நம்ம அன்னப்பட்சி. கழுத்து மட்டும் ஒரு கட்டம் நீளம். மாமனார் ஊட்டுக்கு சீர் எடுத்துக்கினு போயிட்டான் பா. எடுத்தவன் சும்மா போவாம இங்க இருந்ததயும் தொடச்சிட்டுப் போய்க்கிறான்.”

“எடுத்துனு போறவன் அன்னிக்கே நிக்க வெச்சிருக்க மாட்டானா?” என்றாள் அவள். “ஒரு மாசம் ஓடிச்சே.”

“அதான் சூச்சுமம். ஒரு மாசம் கழிச்சி நிக்கற மாதிரி வெச்சிட்டுப் போய்க்கிறான். ஓசியில குட்த்தான் பாரு, அதுல எல்லாம் இருக்கும்.”

சொல்லிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தான். பொதுவாகப் பார்த்த பார்வைதான். “என் கடையில எல்லாரும் பாக்கத்தான் அழிக்கறேன்” என்று கேட்காமலே சொன்னேன். “நான் உன்ன கேட்டனா?” என்றான் நாகபூஷணம்.

அத்தோடு நின்றிருந்தால் வீட்டுச் சண்டை. அவன் அன்று மத்தியானமே நாகலாபுரத்துக்குப் போன் போட்டு மாமனார் கிருஷ்ணப்பாவிடம், “உங்க பையன் என் ஊட்ல திருடிட்டான், இனிமே என் வாசப்படி மிதிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டான். கிருஷ்ணப்பா கூலி வேலை செய்து, பிறகு ரெண்டு ஏக்கர் வாங்கி, பையனைப் படிக்க வைத்த மனுஷன். உடனே போனை வைத்துவிட்டாராம். சனிக்கிழமை காலையில் பெண் வீட்டார் நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைக்கச் சொன்னதாகச் செய்தி வந்தது. நகரிக்கும் ஏகாம்பரகுப்பத்துக்கும் நடுவில் ஒரு பேச்சு நடந்து போக எவ்வளவு நேரம் ஆகும்?

சனிக்கிழமை அவர்கள் வீட்டில் தாட்சாயணி களி கிண்டியிருந்தாள். வேர்க்கடலைச் சட்னி. நாகபூஷணம் இரண்டு உருண்டை சாப்பிட்டான். அவள் அவனுக்குப் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் உட்கார்ந்தாள். இந்த முறை நான் எதற்குப் போனேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமையைச் சாக்காகச் சொன்னேன்.

“நீ துன்னியா தாட்சாயணி?” என்றேன்.

“எறங்கல அண்ணா. நாகலாபுரத்துல நைனா போன எடுக்க மாட்டேங்குது. நான் பண்ணாலும் எடுக்கல. டிசைனு போனா இன்னொண்ணு போட்டுக்குவேன். என் கை கீது. தம்பி பேரு போனா எங்க போயி வாங்கறது?”

நாகபூஷணம் கையைக் கழுவிக்கொண்டே, “பேரு போற வேல பண்ணா பேரு போவும்” என்றான். பின் கொட்டகைக்குப் போய்விட்டான்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் பிரவீனே அக்காவுக்குப் போன் செய்தானாம். அவள் நேரில் வரச் சொல்லியிருக்கிறாள். வர மாட்டேன் என்றிருக்கிறான். “நான் வந்து தொட்டு, அது எழுந்துக்கினா, எடுத்தத திருப்பி வெச்சிட்டான்னு மாமா சொல்வாரு. எழுந்துக்கலன்னாலும் என் தலமேலதான். கை உன்னோடதா இருக்கட்டும் அக்கா. நான் வாயால சொல்றேன். மாமா பக்கத்துல இருக்கணும். மூணாவது மனுசன் ஒருத்தரும் இருக்கணும்.” மூணாவது மனுஷனாக அவர்களுக்குக் கிடைத்தது நான். செங்கம்மா வந்து கூட்டிப்போனாள்.

பதினொரு மணி. ஒரு மணிக்குக் கரண்ட்டு போய்விடும். தறிச் சத்தத்தில் போன் கேட்காதென்று தாட்சாயணி சொன்னபோது நாகபூஷணம் முகத்தைச் சுளித்தான். ஆனாலும் போய் நாலு தறியையும் நிறுத்தினான். கரண்ட்டு இருக்கும்போது அவன் தறியை நிறுத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான். வெளியே வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு கம்ப்யூட்டர் மேசையில் வைத்தாள்.

“யாரார் கீறாங்க?” பிரவீன் குரல்.

“மாமா கீறாரு. கோவர்த்தனண்ணா கீறாரு.”

“சரி. போட்டியா? இன்னா வந்துக்குது, எழுத்து விடாம படி.”

அவள் எழுத்து எழுத்தாகப் படித்தாள். அவன் அதை எழுதிக்கொண்டான். “அந்த நீள நம்பரு பழைய லினக்ஸோட நம்பரு அக்கா. அத்த நான்தான் எடுத்துட்டேனே. அது இன்னும் எதுக்கு பழசத் தேடுது?”

“பாத்தியா, எடுத்தேன்னு அவன் வாயாலயே சொல்றான்” என்றான் நாகபூஷணம்.

“மாமா, எடுத்தது லினக்ஸ. டிசைன இல்ல. அக்கா, எல் எஸ்னு அடி. என்டர் போடு. இன்னா காட்டுது?”

அவள் அடித்தாள். ஒரு வரி வந்தது. ஹெச்டி சைபர், அதில் ஒரு பாகம். ஹெச்டி ஒன்று, அதில் மூன்று பாகம். படித்துச் சொன்னாள்.

“திருப்பிப் படி.”

திருப்பிப் படித்தாள். அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “அக்கா, நான் புது டிஸ்க்க மொத எடத்துல மாட்டினேன். அதுல மூணு பாகம். உன் டிசைன் கீற பழைய டிஸ்க்கு ரெண்டாவது, அதுல ஒரே பாகம். இப்ப தலகீழா கீது. பழசு முன்ன வந்து நிக்குது. அது மண்டையில பழைய லினக்ஸோட ஞாபகம் ஒட்டிக்கினு கீது, அதான் இல்லாதத தேடுது. யாரு பெட்டியத் தொறந்தது?”

“யாரும் தொறக்கல பா.”

“வயரு தானா எழுந்து நடக்காது அக்கா.”

நாகபூஷணம் சட்டென்று, “அவன் கத வுடறான், நேரத்த வீணாக்கறான், கரண்ட்டு பூடும்” என்றான். குரல் ஒரு படி மேலே இருந்தது. நான் அவனைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சுவிட்ச் ஆஃப் பண்ணு. பின்னாடி பெரிய வயரப் புடுங்கு. பக்கத்துத் தகடு ரெண்டு திருகு. கழட்டு” என்றான் பிரவீன்.

அவள் நாடாப் பெட்டியிலிருந்து திருப்புளி எடுத்தாள். பெட்டியின் வெளிப்பக்கம் ஆயுத பூஜைப் பொட்டு இன்னும் அழியாமல் இருந்தது. அதை அவள்தான் வைத்தாள். கம்ப்யூட்டரை வேறு யாரும் தொடக் கூடாது, வெளியே ஒரு பொட்டோடு சரி என்பது அந்த வீட்டில் அவள் போட்ட ஒரே சட்டம். திருகைக் கழற்றித் தகட்டை இழுத்தாள்.

உள்ளே பஞ்சுத்தூசி ஒரு பொட்டு இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மேலும் கீழுமாக இரண்டு டிஸ்க். இரண்டின் நெற்றியிலும் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம். விசிறிக்குப் பக்கத்தில் ஒரு சாமந்தி இதழ் காய்ந்து சுருண்டு கிடந்தது.

போனில் பிரவீன், “அக்கா? இன்னா கீது உள்ள? அக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

“பொட்டு கீது பா” என்றாள் அவள்.

“இன்னா?”

“சாமிக்கு வெச்ச பொட்டு.” அவள் திரும்பி நாகபூஷணத்தைப் பார்த்தாள். “நான் செங்கம்மாவோட பூ வாங்கப் போனனே, அப்பவா?”

நாகபூஷணம் நின்ற இடத்திலேயே நின்றான். “நாலு தறிக்கும் பண்ணேன்” என்றான் மெதுவாக. “இதுவும் சோறு போடற மெஷினுதான? உள்ள ஒரே தூசி. வயரு ரெண்டும் ஒரே செவப்பு, ஒரே நீளம். நாடா மாதிரிதான், எத்த எங்க போட்டா இன்னான்னு... நீ தொடாதன்னு சொல்லிக்கிறியே, அதான் சொல்லல.”

“வெள்ளிக்கெழம காலம்பற சொல்லியிருக்கலாமே.”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்?” என்றான். பிறகு, “கொஞ்சம் பயமாத்தான் இருந்திச்சி” என்றான்.

எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. நாலு நாளாக அவ்வளவு சத்தம் போட்டது உள்ளே இருந்த பயத்தை மூடத்தான். தன்மேல் சந்தேகம் வந்ததும் அதைத் தூக்கி இன்னொருத்தன் தலையில் வைத்துவிட்டான். எல்லார் முன்னாலும் கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு என்ன யோக்கியதை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பிரவீன் சொல்லச் சொல்ல அவள் இரண்டு சிவப்பு வயரையும் பிடுங்கி மாற்றி மாட்டினாள். பொட்டை அழிக்கவில்லை. சுவிட்சைப் போட்டாள். கருப்பு வந்தது, ஒரு நிமிஷம் அப்படியே இருந்தது, பிறகு நிறம் வந்தது. செங்கம்மா வாசலிலிருந்தே கோவிந்தா போட்டாள்.

“டிசைன் இருக்கற எடத்தத் தொற அக்கா. மாமா பாக்கட்டும். எத்தினி இருக்கணும்?”

பட்டியல் விரிந்தது. அவள் மேலிருந்து கீழே உருட்டினாள். ஆடு குட்டி போட்டது. கூரை ஒழுகல். இந்திராணி கல்யாணம். நாகபூஷணம் அந்த அன்னப்பட்சி எது என்று கேட்டான். அவள் காட்டினாள். “இது பேரு இன்னா எழுதிக்கிற?” என்றான். “பிரவீன் வேல” என்றாள். “போன வருசம் அவனுக்குப் புது வேல கெடச்ச அன்னிக்கிப் போட்டது.”

“எத்தினின்னு சொல்லுங்க யாராவது” என்றான் போனில் பிரவீன், பொறுமையில்லாமல்.

“நூத்தி எழுவத்தி மூணு” என்றேன் நான்.

அவள் உருட்டுவதை நிறுத்தினாள். திரையின் அடியில் சின்ன எழுத்தில் நூற்று எழுபத்து நான்கு என்று இருந்தது. கடைசியில் இருந்தது அகலமாக்கிய புது பார்டர். அது இன்னும் என் கடைக்கு வரவில்லை. அவள் என்னைப் பார்க்காமல், “நூத்தி எழுவத்தி நாலு பா. எல்லாம் கீது” என்று போனில் சொன்னாள்.

பிறகு போனை எடுத்து நாகபூஷணத்தின் கையில் வைத்தாள். அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “பிரவீனு... துன்னியா பா?” என்றான். “ஏகாம்பரகுப்பத்துக்கு நானே போறேன். இப்பவே போறேன். உங்க நைனா கிட்டயும்...” அழுதான். பிரவீன், “போயி சொல்லிட்டு அப்பறம் பேசுங்க மாமா” என்று சொல்லி வைத்துவிட்டான். நாகபூஷணம் சட்டையை மாட்டிக்கொண்டு, தறியைக்கூடப் போடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெயிலில் போனான்.

நான் கிளம்பினேன். தாட்சாயணி தெருவரை வந்தாள். கையில் பென்டிரைவ்.

“நூத்தி எழுவத்தி மூணுன்னு எண்ணாமயே சொன்னீங்களே அண்ணா.”

வெயிலில் எனக்குக் கண் கூசியது. ஆமாம், என் கடையில் இன்னோர் இடத்தில் எல்லாருடைய டிசைனும் இருக்கிறது. முன்னால் இருப்பதை அழித்துக் காட்டுவேன், பின்னால் இருப்பது இருக்கும். ஒன்றைக்கூட விற்றதில்லை. அட்டை கிழிந்தால் உதவுமே என்றுதான் வைத்தேன். புத்தூரில் தொங்கியதை எவனோ சேலையைப் பார்த்து வரைந்திருக்கலாம். சாமி சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் இதை யார் நம்புவார்கள்? டிசைன் என்னிடமும் இருக்கிறது என்று வெள்ளிக்கிழமையே நான் வாயைத் திறந்திருந்தால், டிசைன் திருட்டு என்ற பேச்சே பாதி அடங்கியிருக்கும். என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அவள் தம்பியின் பெயர் தெருவில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நாலு நாள் இருந்தேன்.

“உனக்கு எப்ப தெரியும்?” என்றேன்.

“எலி கடிச்ச அட்டைய பென்டிரைவ் கேக்காம அடிச்சிக் குட்த்தீங்களே, அப்பவே.”

“அப்ப இந்த நாலு நாளும் ஏம்மா என்ன கேக்கல?”

“கேட்டிருந்தா குட்த்திருப்பீங்க. டிசைனு வந்திருக்கும். தம்பி பேரு வந்திருக்குமா? அதான் கேக்கல.” பென்டிரைவை என் கையில் வைத்தாள். “ஆனா நீங்களா சொல்வீங்கன்னு நாலு நாளும் பாத்துகினு இருந்தேன்.”

என்னிடம் இருக்கிற அவள் டிசைன்களை அழித்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம், இருக்கட்டும், எங்கள் வீட்டுப் பெட்டி திரும்ப நின்றாலும் நிற்கும் என்றாள். உள்ளே போய்விட்டாள்.

ஏகாம்பரகுப்பத்தில் நிச்சயதார்த்தம் தை மாதம் நடந்தது. நாகபூஷணம்தான் முதல் சீர்த் தட்டைத் தூக்கினான். தாட்சாயணி இப்போதும் என் கடைக்குத்தான் டிசைன் கொண்டுவருகிறாள். அட்டை அடித்து முடித்ததும் நானும் வழக்கப்படி, “அழிச்சிட்டேன், பாத்துக்கோ” என்று திரையைத் திருப்புகிறேன். மற்றவர்கள் குனிந்து திரையைப் பார்க்கிறார்கள். அவள் திரையைப் பார்ப்பதில்லை. என் முகத்தைப் பார்த்து, “சரி அண்ணா” என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.